அரைப் பருவ சியர்லீடிங் அணிகள்: சேர்ப்பதற்கு முன் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பள்ளிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் பருவம் முடியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சியர்லீடிங் ஜிம்கள் அரைப் பருவ அணிகளுக்கு ஆள் சேர்க்கத் தொடங்குகின்றன. அதே மாதங்களில்தான், இளம் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சையளிக்கும் பிசியோதெரபிஸ்டான என்னிடம் தமிழ்ப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “பாதி சீசன்தானே, உடம்புக்கும் பாதி சுமைதானே வரும்?” கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ‘ஆம்’ என்று பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. பருவத்தின் நீளம் குறைகிறதே தவிர, ஒரு வாரத்தில் குழந்தையின் மணிக்கட்டும் கணுக்காலும் முதுகும் தாங்க வேண்டிய சுமை அதே அளவில் குறைவதில்லை. சில அணிகளில் அது கூடுவதும் உண்டு. அரைப் பருவ அணியின் நன்மைகளையும் ஆபத்துகளையும் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். ஆல்-ஸ்டார் எனப்படும் போட்டி சியர்லீடிங், பள்ளி மைதான ஓரத்தில் நின்று உற்சாகமூட்டும் சியர்லீடிங்கிலிருந்து வேறுபட்டது. இது தனியார் ஜிம்களில் கற்றுத்தரப்படும் விளையாட்டு. இதற்கான விதிகளை 2003இல் உருவான யூ.எஸ்.ஏ.எஸ்.எஃப். என்ற அமைப்பு வகுக்கிறது. முழுப் பருவ அணிக்கான தேர்வு பொதுவாக மே மாதத்தையொட்டி நடக்கும். கோடையில் அடிப்படைத் திறன்களையும் நடன அமைப்பையும் கற்று, ஆண்டின் கடைசி மாதங்களில் போட்டிகளைத் தொடங்கி, அடுத்த வசந்தம் வரை ஆடுவார்கள். அரைப் பருவ அணியோ இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில்தான் கூடும். ஜனவரி வாக்கில் முதல் போட்டியில் இறங்கி, மார்ச் அல்லது ஏப்ரலில் முடித்துவிடும். முழுப் பருவ எலீட் (உயர் போட்டிப் பிரிவு) அணிகள் இரண்டரை நிமிட ரொட்டீன் (இசைக்கு ஆடும் முழு நிகழ்ச்சி) ஆட, அரைப் பருவ அணிகள் பல, இரண்டு நிமிட ரொட்டீன் கொண்ட, பிரெப் என்ற எளிய பிரிவில் ஆடுகின்றன. பயிற்சியும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது, ஆண்டின் மீதிப் பாதி குழந்தைக்கே திரும்பக் கிடைப்பதுதான். வளரும் குழந்தைகள் தாங்கள் ஆடும் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களாவது, ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தேனும், விலகி இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும், ஒரே விளையாட்டில் முழுமையாக இறங்குவதைப் பதின்ம வயதின் நடுப்பகுதி வரை தள்ளிப்போடுவதும் அதே பரிந்துரையில் உண்டு. முழுப் பருவ அணியில் இருக்கும் குழந்தைக்கு இந்த மூன்று மாதம் கிடைப்பது அரிது. ஒரு பருவத்தின் கடைசிப் போட்டிக்கும் அடுத்த பருவத்தின் தேர்வுக்கும் இடையில் சில வாரங்களே இருக்கும். அரைப் பருவக் குழந்தையோ கோடையில் நீந்தலாம், இலையுதிர் காலத்தில் கால்பந்து ஆடலாம். வெவ்வேறு அசைவுகளைப் பழகும் உடலில் ஒரே மூட்டின் மீது ஒரே விதமான அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதில்லை. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை.

புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கும் இது நல்ல வாசல். மேடையேறி ஆடுவது தனக்குப் பிடிக்கிறதா, தோழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் பொறுப்பைத் தன்னால் ஏற்க முடியுமா என்பதை ஓராண்டு ஒப்பந்தத்தில் சிக்காமலேயே அவள் அறிந்துகொள்ளலாம். செலவும் குறையும், ஆனால் சரிபாதியாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். மாதக் கட்டணம் குறையும்; சீருடை, இசை, நடன அமைப்பு, உறுப்பினர் கட்டணம் ஆகியவை பருவம் குறுகியது என்பதற்காகப் பாதியாவதில்லை. சில போட்டிகளில் குறிப்பிட்ட விடுதிகளில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே கையெழுத்திடும் முன் மொத்தச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி என்னைக் கவலைகொள்ளச் செய்யும் பகுதிக்கு வருகிறேன். முழுப் பருவ அணி கோடை முழுவதும் நிதானமாகக் கட்டியெழுப்பும் திறன்களை, அரைப் பருவ அணி எட்டு அல்லது பத்து வாரங்களில் மேடைக்குத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் டம்ப்ளிங் (தரையில் கரணமடித்தல்), துள்ளல்கள், ஸ்டண்ட் (ஒருவரை மற்றவர்கள் தூக்கிப் பிடித்தல்), பிரமிட் (பல ஸ்டண்டுகளை இணைத்த கோபுரம்), நடனம் அனைத்தும் வர வேண்டும். பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் குழந்தைக்குப் பலம் கூடியதுபோலத் தெரியும். முதலில் வருவது பெரும்பாலும் நரம்பும் தசையும் ஒத்திசைந்து இயங்கப் பழகுவதால் வரும் பலம். தசைநாண்களும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். தன்னால் செய்ய முடிகிறது என்று குழந்தை உணரும் நாளுக்கும், அந்த அசைவை நூறு முறை தாங்க அவள் உடல் தயாராகும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. குறுகிய பருவத்தின் முதல் போட்டி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இதை மணிக்கட்டில் தெளிவாகக் காணலாம். ரவுண்ட்-ஆஃப் (கையூன்றிச் சுழன்று இரு கால்களும் சேர இறங்குதல்) செய்து பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கு (பின்னோக்கிப் பாய்ந்து கைகளை ஊன்றி எழுதல்) போகும் குழந்தையின் கைகள், ஒவ்வொரு முறையும் அவளுடைய உடல் எடையைவிட அதிகமான விசையைத் தாங்குகின்றன. ஜனவரி மாதத்தில் என்னிடம் வரும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். கையில் வீக்கம் இருக்காது, விழுந்த நினைவும் இருக்காது. உள்ளங்கையை மேசை மீது பதித்து எடையை அதன் மேல் சாய்க்கச் சொன்னால், முகம் சுளித்து மறு கைக்கு எடையை மாற்றிவிடுவாள். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் ஆர எலும்பு வளரும் பகுதியான வளர்ச்சித் தகடு இருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வாள். “எப்போதிலிருந்து?” என்று கேட்டால், “ஹேண்ட்ஸ்பிரிங் வர ஆரம்பித்ததிலிருந்து” என்பாள். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் சிறார்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட பாதிப்புதான் இது. வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடினால் அந்த எலும்பின் வளர்ச்சியே தடைபடக்கூடும். தக்க நேரத்தில் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். ஆனால் ஓய்வு என்பது வாரக்கணக்கில் நீளும், பருவமோ மொத்தமே சில மாதங்கள். இதனால்தான் பல குழந்தைகள் வலியைச் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

ஸ்டண்ட் விஷயத்தில் சிக்கல் வேறு வகையானது. கீழே நின்று தூக்கும் இரண்டு பேஸ்கள், பின்னால் நின்று தாங்கும் ஒரு பேக் ஸ்பாட், மேலே தூக்கப்படும் ஒரு ஃப்ளையர் என நால்வர் சேர்ந்து செய்யும் வேலை அது. ஃப்ளையரின் கணுக்கால் எந்தப் பக்கம் ஆடுகிறது, எந்த பேஸ் அரை நொடி தாமதமாகத் தூக்குகிறாள் என்பதெல்லாம் அந்த நால்வரும் ஒன்றாகப் பழகிப் பழகி அறிந்துகொள்ள வேண்டியவை. உயர்நிலைப் பள்ளி சியர்லீடர்களின் காயங்களை ஆராய்ந்து 2016இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், காயங்களில் பாதிக்கும் மேல் ஸ்டண்டின்போதே ஏற்பட்டிருந்தன. மிக அதிகமாகப் பதிவானது தலையில் அடிபடுவதால் வரும் கன்கஷன். அதே ஆய்வின்படி, மற்ற பள்ளி விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் சியர்லீடிங்கில் மொத்தக் காய விகிதம் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காயங்கள் அரிதாக வந்தாலும் வரும்போது கடுமையாக வரலாம். உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு விளையாட்டில் நேரடியாக ஏற்பட்ட மிகக் கொடிய காயங்களில் 65 விழுக்காடு சியர்லீடிங்கில் நேர்ந்தவை என்று குழந்தைநல மருத்துவர் கழகத்தின் 2012 அறிக்கை குறிப்பிட்டது. இவை பள்ளி அணிகளைப் பற்றிய எண்கள். என்றாலும், உயரத்திலிருந்து விழும் குழந்தையின் தலையும் கழுத்தும் எங்கும் ஒன்றுதான்.

அரைப் பருவத்தில் ஒரு காயத்தின் விலையும் உயர்ந்துவிடுகிறது. கன்கஷனுக்குப் பின் ஒரு குழந்தை படிப்படியாகத்தான் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். குழந்தைகள் முழுமையாகத் தேற நான்கு வாரம் வரை ஆவது சாதாரணம். நீண்ட பருவத்தில் நான்கு வாரம் என்பது ஓர் இடைவெளி மட்டுமே. குறுகிய பருவத்தில் அது போட்டிக் காலத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அணியும் சிறியது, மாற்று ஆளும் இல்லை. ஒரு ஃப்ளையர் வராவிட்டால் பிரமிட்டையே மாற்றி அமைக்க வேண்டும். யாரும் வற்புறுத்தாமலேயே, “என்னால் மற்றவர்களின் பருவம் கெடுகிறதே” என்ற பாரம் குழந்தையின் மனதில் ஏறிவிடுகிறது. தலைவலி போய்விட்டதாக அவள் பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவது இப்படித்தான். பள்ளிகள் பலவற்றில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் இருப்பார். தனியார் ஜிம்மில் அப்படி ஒருவர் இருப்பது அரிது. எனவே அடிபட்ட குழந்தையை மீண்டும் தளத்தில் இறக்கும் முடிவை யார் எடுக்கிறார் என்பதைச் சேர்க்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இறக்க மாட்டோம் என்று சொல்லாத ஜிம்மில் நான் ஒரு குழந்தையையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

மேற்சொன்ன ஆபத்துகளில் பெரும்பகுதியை ஒரே முடிவு குறைத்துவிடும். திறனுக்கேற்ப வகுக்கப்பட்ட போட்டி நிலைகளில் அணியை எந்த நிலைக்கு அனுப்புவது என்ற முடிவு அது. முதல் நிலையில் உருளல், கார்ட்வீல் (பக்கவாட்டில் கையூன்றிச் சுழலுதல்), வாக்ஓவர் (கையூன்றிக் கால்களை ஒவ்வொன்றாக மறுபுறம் கொண்டுசெல்லுதல்) வரைதான். ஹேண்ட்ஸ்பிரிங் இரண்டாம் நிலையில்தான் வருகிறது. அரைப் பருவ அணியை, அதன் குழந்தைகள் ஏற்கெனவே கைவரப்பெற்ற திறன்களுக்குரிய நிலையிலோ அதற்கு ஒரு படி கீழோ வைப்பவரே நல்ல பயிற்சியாளர் என்பது என் கருத்து. “ஜனவரிக்குள் எல்லோருக்கும் ஹேண்ட்ஸ்பிரிங் வந்துவிடும்” என்ற நம்பிக்கையில் மேல் நிலைக்குப் பதிவு செய்யும் ஜிம், நான் மேலே சொன்ன இடைவெளிக்குள் குழந்தைகளைத் தள்ளுகிறது. அணிக்குப் பயிற்சியளிப்பவர் யார் என்பதும் முக்கியம். அனுபவம் மிக்க பயிற்சியாளர்கள் முழுப் பருவ அணிகளோடு இருந்துவிட, குறுகிய அணி புதியவர் கையில் போவதை நான் கண்டிருக்கிறேன். பயிற்சியாளர்களுக்கு நிலைவாரியாகச் சான்று வழங்கும் முறை யூ.எஸ்.ஏ.எஸ்.எஃப். அமைப்பில் உண்டு. உங்கள் குழந்தை ஆடப்போகும் நிலைக்கு அவருக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

பள்ளி சியர்லீடிங்கை முடித்த கையோடு வரும் பெண்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பெற்றோர் அவர்களை “ஏற்கெனவே பழகியவர்கள்” என்று எண்ணுகிறார்கள். உண்மையில் ஆகஸ்டிலிருந்து புல்தரையிலும் கடினமான ஓடுபாதையிலும் குதித்துக் களைத்த கால்களோடு அவர்கள் வருகிறார்கள். ஜிம்மில் இருப்பதோ ஸ்பிரிங் தளம். அது மேலே தள்ளும் வேகத்துக்கு ஏற்பத் தாவும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் புதிதாகப் பழக வேண்டும். இரண்டு பருவமும் சில வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், மொத்தப் பயிற்சி நேரத்தை யாருமே கூட்டிப் பார்ப்பதில்லை. வாரத்தில் ஒழுங்கமைந்த பயிற்சி மணிகளின் எண்ணிக்கை குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். அதைக் கணக்கிடும்போது பள்ளி, ஜிம், தனி டம்ப்ளிங் வகுப்பு மூன்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஆர்லாண்டோவில் நடக்கும் பெரிய போட்டிகளைக் கனவு காணும், ஏற்கெனவே உயர்நிலைத் திறன்கள் கைவந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அரைப் பருவ அணி நிறைவு தராது. அவள் முழுப் பருவத்தில் இருப்பதே முறை. சிறு வயதினருக்கும் முதலாண்டுக் குழந்தைகளுக்கும் வேறொரு விளையாட்டையும் விரும்பி ஆடுபவர்களுக்கும் நான் அரைப் பருவத்தையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பயிற்சி தொடங்கும் முன் ஆறு வாரங்களாவது வீட்டிலேயே ஆயத்தம் வேண்டும். சுவரிலும் பிறகு தரையிலும் கைகளை ஊன்றி எடை தாங்கப் பழகுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து ஓசையின்றி இறங்குதல், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பலகைபோல் உடலை நிறுத்துதல் ஆகியவை போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம்.

கடைசியாக, ஏப்ரலில் பருவம் முடிந்ததும் ஜிம்மிலிருந்து வரும் அழைப்பைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். “நன்றாக ஆடினாள், மே மாதத் தேர்வுக்கு வரட்டும், அதுவரை டம்ப்ளிங் வகுப்பைத் தொடரட்டும்” என்பார்கள். அன்பாகச் சொல்லப்படும் இந்த அழைப்பை அப்படியே ஏற்றால், அரைப் பருவத்தின் முதன்மையான நன்மையாகிய ஓய்வு குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடும். கடைசிப் போட்டி முடிந்த நாளிலிருந்து ஒரு முழு மாதம் டம்ப்ளிங்கும் ஸ்டண்டும் இல்லாமல் விடுங்கள். அடுத்த ஆண்டு முழுப் பருவத்தில் சேரும் எண்ணம் இருந்தால், தேர்வுத் தேதியையும் பயிற்சி தொடங்கும் தேதியையும் அந்த மாதத்துக்குப் பின் அமைத்துத் தர இயலுமா என்று ஜிம்மிடம் கேளுங்கள். கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஜிம்கள் பல இருக்கின்றன.