ரிப் கழன்றால் வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள்

மறுபடியும் ஒரு பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக்குழல் துப்பாக்கி, ரிப் நெடுக வெல்டிங் பட்டறையில் பித்தளையை உருக்கி ஊதிய கோலத்தில் பழுதுபார்க்க வந்திருக்கிறது. இரு குழல்களுக்கும் நடுவே, மேலும் அடியிலும் நீளமாக ஓடும் உலோகப் பட்டைதான் ரிப். வாழைக்கும் மரச்சீனிக்கும் காவலாக லைசென்ஸ் எடுத்து, தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்திருக்கும் மலையோரத்துக் குடும்பங்களில் இது வாடிக்கையாகிவிட்டது.

"இரும்பை இரும்போடு ஒட்ட வெல்டிங்தானே உறுதி?" என்று கேட்கிறார்கள். ரிப்பைப் பொறுத்தவரை இல்லை. அது ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய பற்றில் (சால்டரில்) நிற்கிறது. 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகும். பித்தளை ஊத 900 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். அந்தச் சூட்டில் குழல் வளையும், எஃகின் பதம் போகும், உள்ளே செதில் கட்டும். ஓரிடத்தில் ஊதினால் அடி ரிப்பின் பற்றும் கூடவே உருகிவிடும். இரு குழல்களும் முனையை நோக்கி மெல்ல நெருங்கும்படி கோர்க்கப்பட்டவை. அந்தக் கோணம் குலைந்தால் இடது குழல் எங்கே சுடும் என்று யாரும் சொல்ல முடியாது. எப்பாக்ஸி பசையும் வேண்டாம். ஈரத்தை அடியில் அடைத்து வைக்கும், பின்னால் பற்று வைக்கும்போது ஈயம் பிடிக்காது.

கழன்றதுதானே, சிறு கால்கள் மேல் குழலிலிருந்து இடைவெளி விட்டு நிற்கும் உயரமான காற்றோட்ட ரிப் போட்டுவிடலாமே என்கிறவர்களும் உண்டு. அது களிமண் தட்டு சுடும் ட்ராப் போட்டிக்கு. அடுத்தடுத்துச் சுடும்போது குழலிலிருந்து எழும் வெப்ப அலை கண்ணை மறைக்காதிருக்கத்தான் அந்த இடைவெளி. வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில், புதரிலிருந்து சட்டென்று எழும் பறவையைச் சுடுபவர்கள்கூடத் தாழ்ந்த, ஒடுங்கிய ரிப்பையே விரும்புகிறார்கள்: எடை குறைவு, பார்வையும் பறவை மேலேயே இருக்கும். (இங்கே கவுதாரி, காடை மேல் கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். ரிப் பற்றிய பேச்சு அதற்கான அனுமதி அல்ல.) இரண்டு பருவமழையும் கடல் உப்பும் சேர்ந்த நம் மாவட்டத்தில், காற்றோட்ட ரிப்பின் ஒவ்வொரு காலடியும் துருவுக்கு ஒரு மூலை.

சோதிப்பது எளிது. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். குழலைக் கழற்றி, அதன் பின்முனையில் அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. கரகரத்தாலோ மந்தமாகக் கேட்டாலோ பற்று விட்டிருக்கிறது, சுடாதீர்கள். ரிப்புக்குள் இறங்கிய ஈரம் குழலை வெளிப்புறத்திலிருந்து அரிக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று: குழலுக்குக் கருநீல மேற்பூச்சு கொடுக்க, கொதிக்கும் காரத்தொட்டியில் முக்கி நீலம் ஏற்றாதீர்கள். அந்தக் காரம் ஈயப் பற்றைத் தின்னும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான் சரி. ரிப்பை மறுபடி பற்றவைத்தால், பற்று பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸ் மிச்சமில்லாமல் கழுவச் சொல்லுங்கள். மிஞ்சும் அமிலம் அடியில் உட்கார்ந்து அரிக்கும்.

1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே பித்தளை ஊதிய குழல் வீட்டில் இருந்தால், அதில் ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம், ஐயா.