குறிபெயர்ப்பு: டிரான்ஸ்கோடிங்குக்குத் தமிழ்ச் சொல்

செய்திச் செயலியில் வந்த குரல் பதிவொன்றை என் பழைய பாட்டுப் பெட்டியில் ஏற்றினேன். பெட்டி வாய் திறக்கவில்லை. கோப்புப் பெயரின் கடைசியில் இருந்த 'ஓபஸ்' என்பதை அழித்து 'எம்பி3' என்று எழுதிப் பார்த்தேன். அப்போதும் மௌனம்தான். பெயர்ப்பலகையை மாற்றினேனே தவிர, உள்ளே இருந்த சரக்கு அப்படியே இருந்தது.

ஓபஸ், எம்பி3 என்பவை ஒலியைக் கோப்பில் எழுதும் இருவேறு குறிமுறைகள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் எழுதி, சரக்கையே மாற்றும் வேலைக்கு ஆங்கிலத்தில் டிரான்ஸ்கோடிங் என்று பெயர். 'டிரான்ஸ்' லத்தீன் முன்னொட்டு. கடந்து, அப்பால் என்று பொருள். 'கோட்' வந்த வழி இன்னும் சுவையானது. லத்தீனில் 'கோடெக்ஸ்' என்பது முதலில் மரத்தின் அடிக்கட்டை. பிறகு மரப்பலகைகளை அடுக்கிக் கட்டிய ஏடு. அதன்பின் புத்தகம், சட்டத் தொகுப்பு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், பின்னாளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட குறிகளின் தொகுப்பையும் சுட்டத் தொடங்கியது. நம் ஏடும் பனையிலிருந்து வந்ததுதான். ஆனால் பனையை மரம் என்றால் தொல்காப்பியர் ஒப்ப மாட்டார். அவர் கணக்கில் அது புல்.

கோட் என்பதற்குத் தமிழில் 'குறி' வெகுவாகப் பொருந்துகிறது. அகத்திணையில் இரவுக்குறி, பகற்குறி என்பவை தலைவனும் தலைவியும் முன்பே பேசிவைத்துச் சந்திக்கும் இடங்கள். இருவரும் அறிந்திருந்தால்தான் அது குறி. தலைவன் எழுப்பும் ஓசை போன்ற வேறோர் ஓசையைக் கேட்டுத் தலைவி வந்து, ஏமாந்து திரும்பினால் அதற்கு 'அல்லகுறிப்படுதல்' என்று பெயர். எம்பி3 என்ற பெயரை நம்பித் திறந்து, உள்ளே ஓபஸைக் கண்ட என் பெட்டிக்கும் நேர்ந்தது அதுதான். எம்பி3 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளியானது. ஓபஸ் தரமானது 2012இல். அதற்கு முன்பே செய்த பெட்டிக்கு அந்தக் குறி தெரிந்திருக்க வழியில்லை.

இனி 'டிரான்ஸ்'. பெயர்தல் என்றால் இருந்த நிலையிலிருந்து நகர்தல், மாறுதல். குறுந்தொகையின் 11ஆம் பாட்டில் வரும் 'மொழிபெயர் தேஎத்தர்' என்பது மொழி மாறுபட்ட நாட்டில் இருப்பவர்களைக் குறிக்கிறது. தொல்காப்பிய மரபியல் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு என்றால், குறியைப் பெயர்ப்பது குறிபெயர்ப்பு. என் பரிந்துரை இதுவே. வேலையைச் செய்யும் மென்பொருளைக் குறிபெயர்ப்பி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மற்றச் சொற்கள் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். 'ஒலிபெயர்ப்பு' காதுக்கு இனிமையாக இருந்தாலும், ஒரு மொழிச் சொல்லை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'குறியாக்கம்' பாதி வேலையைத்தான் சொல்கிறது. தகவலைப் பூட்டி மறைப்பதற்கும் அதையே பலர் எழுதுவதால் குழப்பம் வேறு. 'வடிவ மாற்றம்' தவறில்லை, ஆனால் மிகவும் பொதுவானது. அதை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

அந்த வேறொன்று கொள்கலன். ஒலிக்கோப்பில் குறிகள் தனி, அவற்றை அடைத்திருக்கும் கொள்கலன் தனி. எம்4ஏ ஒரு கொள்கலன். அதற்குள் ஏஏசி என்ற குறிமுறை இருக்கலாம், ஏலாக் என்ற வேறொன்றும் இருக்கலாம். ஒரே பின்னொட்டுள்ள இரண்டு கோப்புகளில் ஒன்று பாடி மற்றொன்று பாடாமல் போவதற்கு இது ஒரு காரணம். குறிகளைத் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றினால் அது வடிவ மாற்றம். நொடியில் முடிந்துவிடும், தரமும் குறையாது. குறிகளை அவிழ்த்து வேறு குறிகளாக மீண்டும் எழுதினால்தான் குறிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்போடு உள்ள உறவு இழப்பிலும் தெரிகிறது. குறுவட்டு ஒரு நொடி ஒலியை ஒவ்வொரு தடத்திலும் 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளை அது விட்டுவிடுகிறது. அதை மறுபடி ஏஏசியாகப் பெயர்த்தால், மொழிபெயர்ப்பிலிருந்து மொழிபெயர்த்த நூலின் கதிதான். எதையும் விடாமல் சுருக்கும் ஃபிளாக் குறிமுறைக்குப் பெயர்த்தால் கோப்பு பருக்குமே ஒழிய, போனது திரும்பாது. ஒலியைச் சுருக்காமல் வைத்திருக்கும் வேவ் கோப்பை ஃபிளாக்காக்கி மீண்டும் வேவ் ஆக்கினாலோ ஒலித்தரவு பிட்டுக்குப் பிட்டு அப்படியே கிடைக்கும். இங்கே உவமை உடைகிறது; எந்த மொழிபெயர்ப்பாளராலும் முடியாத காரியம் இது.

மிச்சம் இருப்பது, ஒலியைக் குறிகளாக எழுதவும் அவற்றை அவிழ்க்கவும் உதவும் 'கோடெக்'. மோடம் போலவே இதுவும் இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியது: கோடர், டிகோடர். 'குறியாக்கி-குறிவிலக்கி' என்று எழுதலாம்தான். ஆனால் ஒரு பத்தியில் நான்கு முறை எழுத நேர்ந்தால் எழுதுகிறவரே கைவிட்டுவிடுவார். மோடத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட நாம் கோடெக்கையும் இருக்க விடலாம். 'இந்தப் பெட்டியில் ஓபஸ் கோடெக் இல்லை, எம்பி3ஆகக் குறிபெயர்த்துக் கொடுங்கள்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு உறுத்தவில்லை.