பழைய கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். இதில் வேடிக்கை, அந்த வைத்தியம் பலிக்கிறது என்பதுதான். ஃபார்மட் போட்டு வந்த கம்ப்யூட்டர் இரண்டு மூன்று மாதம் நன்றாக ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். மறுபடி ஃபார்மட், மறுபடி சில மாத நிம்மதி.

இது ஏன் பலிக்கிறது, ஏன் நிலைப்பதில்லை என்று பார்த்தால் போதும், பழைய டெஸ்க்டாப் மெதுவாவதன் ரகசியம் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, 2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரு டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ3-3220 பிராசசர், எச்61 சிப்செட் போட்ட மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டிடிபி சென்டர், கணக்கு எழுதும் அலுவலகம், வீட்டுக் கூடம் என்று இன்றைக்கும் எத்தனையோ இடங்களில் இந்த ஜாதி மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய அன்று அந்த பிராசசர் நொடிக்கு 330 கோடி முறை துடித்தது. இன்றும் அதே 330 கோடிதான். சிலிக்கானுக்கு மூட்டு வலி கிடையாது. அப்படியானால் மெதுவானது எது?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே விடை தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஒரு பிரவுசர் திறக்கவே அரை நிமிடம் இழுக்கும் நேரத்தில் அங்கே என்ன தெரிகிறது? சிபியு, அதாவது பிராசசர், 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதன் கீழே பார்த்தால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும். முழு மூச்சாக உழைப்பதாகச் சொல்லும் டிஸ்க், வெறும் ஒரு எம்பியைத்தான் கொண்டுவந்து போடுகிறது. பலரும் இதைப் பார்த்துவிட்டு, "சிபியு 10 சதவீதம்தானே, பிரச்சினை ஒன்றுமில்லை" என்று மூடிவிடுவார்கள். உண்மையில் அந்த 10 சதவீதம்தான் துப்பு. செங்கல் வந்து சேராவிட்டால் எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நிற்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. 3.5 அங்குல டிரைவில் தட்டின் விளிம்பு போகும் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வருகிறது. அந்தத் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே, காற்றின் மீது மிதந்தபடி ஒரு சின்னஞ்சிறு தலை எழுத்தைப் படிக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் அற்புதம்தான். ஆனால் எவ்வளவு அற்புதமானாலும் அது நகர்ந்து வேலை செய்யும் எந்திரம். ஒரு துண்டுத் தகவல் வேண்டுமென்றால், முதலில் தலையைத் தாங்கும் கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு 8, 9 மில்லி நொடி. போய்ச் சேர்ந்ததும், வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு தலைக்கு நேரே வர வேண்டும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி என்பதால் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி நொடி. ஆக மொத்தம் ஒரு துண்டுக்கு 12, 13 மில்லி நொடி போய்விடுகிறது.

கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குள் நம் ஐ3 பிராசசர் 4 கோடி முறை துடித்து முடித்திருக்கும். ராமிலிருந்து அதே துண்டை எடுத்திருந்தால் 100 நானோ நொடிக்குள் வேலை முடிந்திருக்கும். லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதை இன்னொரு பக்கமிருந்து பார்ப்போம். ஒரு துண்டுக்கு 12.5 மில்லி நொடி என்றால் நொடிக்கு 80 துண்டுகள். துண்டு ஒன்று 4 கேபி என்றால் நொடிக்கு 320 கேபி. அதாவது, அங்கங்கே சிதறிக் கிடக்கும் 100 எம்பியைப் பொறுக்கிக் கொண்டுவர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே 100 எம்பி தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நொடி போதும். சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது ஜோராக ஓடும் டிஸ்க், விண்டோஸ் துவங்கும்போது மட்டும் திணறுவது இதனால்தான். துவக்கத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கேயும் இங்கேயும் ஓடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஃபார்மட் ஏன் பலிக்கிறது என்பது இப்போது விளங்கும். புதிதாக ஏற்றிய விண்டோஸின் ஃபைல்கள் நெருக்கமாக, பெரும்பாலும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் உட்காருகின்றன. டிஸ்க்கின் எண்வரிசை வெளிவட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறது. வெளிவட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிகத் தகவல் தலைக்கடியில் கடந்துபோகும். உள்வட்டத்துக்குப் போகப்போக வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாதங்கள் போகப்போக அப்டேட்டுகள், பிரவுசர் கேச், புது மென்பொருள் எல்லாம் சேர்ந்து ஃபைல்கள் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன, கை நகர வேண்டிய தூரம் கூடுகிறது. கூடவே பின்னணியில் தானாகத் தொடங்கும் புரோகிராம்களும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. விண்டோஸ் தானாகவே வாரம் ஒருமுறை டிஸ்க்கை ஒழுங்குபடுத்தப் பார்க்கும். ஆனால் 15 சதவீதமாவது காலி இடம் இல்லாவிட்டால் அதனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஃபார்மட் போட்டதும் இந்தக் குப்பை எல்லாம் போய்விடுகிறது. கை ஆடும் வேகம் மட்டும் மாறவில்லை. அதனால்தான் சில மாதங்களில் கதை திரும்புகிறது.

இரண்டாவது குற்றவாளி ராம். இது தனியாக வருவதில்லை, டிஸ்க்கோடு கூட்டுச் சேர்ந்துதான் வரும். ராம் போதாதபோது விண்டோஸ் கைவிரித்துவிடுவதில்லை. கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை (ராமில் உள்ள தகவலின் சிறு துண்டுகளை) டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு இடம் பண்ணித் தரும். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் செய்துகாட்டியது 1962இல் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் என்ற கம்ப்யூட்டர். அருமையான யோசனை, ஒரு எல்லை வரைக்கும். எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்தந்த நேரத்தில் அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எல்லாக் கூட்டமும் ராமில் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்காமல் போன கணத்தில், ஒருவருக்காக வெளியே தள்ளியதை அடுத்த நொடியே இன்னொருவர் கேட்பார். கம்ப்யூட்டர் உள்ளே வெளியே தள்ளுவதையே முழுநேர வேலையாகச் செய்யும். இந்தச் சரிவு படிப்படியாக வருவதில்லை, திடீரென்று விழும். எட்டு டேப் திறந்திருக்கும்போது ஒழுங்காக இருந்தது ஒன்பதாவதில் அப்படியே உறைந்துபோவது அதனால்தான்.

விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்றொரு வரைபடம் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து பக்கங்களை எத்தனை முறை இழுக்க வேண்டியிருந்தது என்பதை அது காட்டும். புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அது எகிறித் தணிவது சகஜம். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் நூற்றுக்கணக்கில் நின்றால் ராம் பற்றவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் ராம் பூஸ்டர் மாதிரியான மென்பொருள்களை இறக்கிவிடாதீர்கள். பயன்பாட்டில் உள்ள பக்கங்களை ராமிலிருந்து விரட்டிவிட்டு, "பாருங்கள், இவ்வளவு ராம் காலி" என்று பெருமையடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. விரட்டியதை மறுபடி அழைத்துவரும் பாடு உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். அவற்றால் வேகம் கூடி நான் பார்த்ததில்லை.

சரி, 2013இல் போதுமாக இருந்த 4 ஜிபி இன்றைக்கு ஏன் போதவில்லை? வலைத்தளங்கள் கனத்துவிட்டன என்பது தெரிந்த கதை. தெரியாத கிளைக்கதை ஒன்றும் உண்டு. 2018 ஜனவரியில் பிராசசர்களில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. பிராசசர்கள் அடுத்து என்ன கட்டளை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைச் செய்து வைக்கும். ஊகம் தப்பினால் முடிவைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் எறிந்ததன் தடயம் பிராசசருக்குள் இருக்கும் கேச் நினைவகத்தில் மிஞ்சியது, அதை வைத்து ரகசியங்களைத் திருட முடிந்தது. ஒட்டுப்போடுவதற்கு விலை இருந்தது. இன்டெல்லின் ஹாஸ்வெல் தலைமுறையும் அதற்கு முந்தையதுமான பிராசசர்களில் வேகக் குறைவைச் சிலர் உணரக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. நம் ஐ3 ஹாஸ்வெல்லுக்கும் மூத்தது. அதே வருடம் குரோம் பிரவுசர், ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப்பார்க்க முடியாதபடி ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் புராசஸில் பூட்ட ஆரம்பித்தது. அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம் பிடித்தது. ஆக, பாதுகாப்புக்காகச் செய்த ஒரு மாற்றம் ராமைத் தின்று, ராம் டிஸ்க்கை ஏவி, கடைசியில் நம் மவுஸ் நகராமல் நின்றது.

மூன்றாவது, சூடு. இதன் அடையாளம் வேறு. துவங்கும்போது நன்றாக இருந்து, பத்து இருபது நிமிட வேலைக்குப் பிறகு தளர்ந்துபோகும். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் பத்து வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். ஃபேன் இறக்கைகளுக்குக் கீழே தூசி கம்பளி மாதிரி படர்ந்திருக்கும். வெப்பநிலை 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 3.3 ஜிகாஹெர்ட்ஸ் 1.6 ஆகக் காட்டினால் உடனே பயந்துவிட வேண்டாம். வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சப்படுத்தவும் அது அப்படித்தான் இறங்கும். சிபியு 100 சதவீதத்தில் ஓடும்போதும் 1.6ஐத் தாண்டவில்லை என்றால்தான் ஹீட் சிங்கைக் கழற்ற வேண்டும். இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் பொறுமையாகத் திருப்பி எடுங்கள், பழசாகிவிட்டால் சட்டென்று ஒடியும்.

செலவு செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த செக்டர்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருப்பவை. இரண்டும் 0 என்று இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் வேகத்தை மறந்துவிட்டு முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் காப்பி எடுங்கள். அப்படிப்பட்ட டிஸ்க், ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது முழு கம்ப்யூட்டரும் சில நொடிகள் சிலையாகி நிற்கும். சி7 ஏறினால் குற்றம் டிஸ்க்கில் இல்லாமல், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளிலும் இருக்கலாம். கேபிளை மாற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், விண்டோஸை எஸ்எஸ்டிக்கு (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவுக்கு) மாற்றுவதுதான் இந்த மெஷினுக்குக் கிடைக்கும் பெரிய விமோசனம். "பழைய போர்டு, எஸ்எஸ்டி போட்டாலும் முழு வேகம் வராது" என்று சிலர் தடுப்பார்கள். பாதி உண்மை. எச்61 சாட்டா இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 550 எம்பி வேகம் கொண்ட எஸ்எஸ்டி அதில் 280 எம்பி அளவுக்குத்தான் ஓடும். ஆனால் நம்மைப் படுத்தியது அந்த வேகம் இல்லையே. ஒரு துண்டுக்கு 12 மில்லி நொடி என்ற காத்திருப்புதான் படுத்தியது. எஸ்எஸ்டியில் நகரும் கையும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. அதே துண்டு சுமார் 0.1 மில்லி நொடியில் வந்துவிடும், பழைய போர்டிலும். கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் திரையில் சாட்டா அமைப்பு ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் நீலத்திரை வர வாய்ப்புண்டு.

ராமை 8 ஜிபி ஆக்குவது அடுத்தது. அந்த போர்டில் இரண்டு ஸ்லாட்தான் இருக்கும். காலியாக உள்ள ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி போட்டால் இரட்டைச் சேனலும் (இரண்டு ராமையும் ஒரே நேரத்தில் படிக்கும் வசதியும்) கிடைக்கும். 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது, 64 பிட்டை ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் யூடியூப் மட்டும் விக்கினால் அது வேறு நோய். யூடியூப் இப்போது விபி9 போன்ற முறைகளில் சுருக்கிய வீடியோவைத்தான் முதலில் நீட்டும். யூடியூப் தரும் முறைகளில் நம் ஐ3இன் கிராஃபிக்ஸுக்கு எச்.264ஐ மட்டும்தான் வன்பொருளிலேயே விரிக்கத் தெரியும், மற்றது முழுக்க பிராசசர் தலையில் விழும். எச்.264ஐயே கேட்டு வாங்கித் தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. 1080க்கு மேல் தரம் கிடைக்காது, அந்த மானிட்டருக்கு அது தேவையும் இல்லை.

விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் இணைந்தே இருக்கும் மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஒத்துப்போகும். விண்டோஸிலேயே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பி இருப்பவர்களுக்கு அந்த வழி சுலபமில்லை.

பழைய 500 ஜிபி டிஸ்க்கை, 05உம் சி5உம் சுத்தமாக இருந்தால், தூக்கிப் போட வேண்டாம். படங்களுக்கும் பழைய ஃபைல்களுக்கும் இரண்டாவது டிரைவாக இருக்கட்டும். 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் விண்டோஸ் அதைச் சுற்றாமல் நிறுத்திவிடும். பிறகு அந்த டிரைவைத் திறக்கும்போது சில நொடிகள் தாமதமாகும், உள்ளே மோட்டார் வேகமெடுக்கும் சத்தமும் கேட்கும். அது கோளாறு இல்லை. பிடிக்கவில்லை என்றால் பவர் ஆப்ஷன்ஸில் அந்த 20ஐ 0 ஆக்கிவிடலாம்.