சாலட் என்றால் 'உப்பிட்டது', தமிழில் பச்சடி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் ராத்திரி அடுப்புப் பக்கம் போகவே மனசு வராது. "இன்னைக்கு தோசை வேண்டாம், சாலட் போதும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் சமைக்கிறவருக்கும் நிம்மதிதான். சரி, இந்த சாலட் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதிலிருந்து 'உப்பிட்டது' என்ற பொருளில் பேச்சு லத்தீனில் 'சலாட்டா' பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. ரோமானியர்கள் பச்சை இலைகளில் உப்பும் எண்ணெயும் காடியும் (வினிகர்) விட்டுச் சாப்பிட்டார்கள், அதனால் வந்த பெயர். சாஸ், சல்சா, சலாமி எல்லாம் அதே உப்பு வேர்தான். சம்பளத்தைக் குறிக்கும் 'சாலரி'யும் அப்படியே, ஆனால் ரோமச் சிப்பாய்களுக்குக் கூலியே உப்பாகக் கொடுத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு நேரடிச் சான்று கிடையாது. இலங்கைத் தமிழில் 'சலாது' என்பார்கள், போர்த்துக்கீசிய 'சலாடா'வை ஒட்டிய வடிவம்.

தமிழில் 'காய்கறிக் கலவை' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது பெயர் இல்லை, விவரிப்பு. கூட்டுக்கு அரிந்து வைத்த காயும் காய்கறிக் கலவைதானே. பழத்துக்கு வேண்டுமானால் பழக்கலவை என்பது நன்றாக நிலைத்துவிட்டது, அதை அப்படியே விட்டுவிடலாம். காய்க்கு நான் சொல்வது பச்சடி. பச்சை என்பது அந்தச் சொல்லிலேயே கேட்கிறது, வெள்ளரிப் பச்சடி, வெங்காயப் பச்சடி என்று தினமும் புழங்குகிறது.

பச்சடி என்றால் தயிர் இருக்க வேண்டுமே என்பார்கள். சித்திரை முதல் நாள் வெல்லமும் வேப்பம்பூவும் போட்டுச் செய்யும் மாங்காய்ப் பச்சடியில் தயிர் ஏது? அதை வேகவைக்கிறோம், வெள்ளரியை வேகவைப்பதில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர். அவ்வளவு இடம் கொடுக்கிற சொல்லைத் தயிர்க் கிண்ணத்துக்குள் அடைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். (ஆந்திராவில் பச்சடி கேட்டால் துவையல் மாதிரி அரைத்தது வரும், அது வேறு.)

பருப்பு சேர்ந்தால் இன்னொரு பெயரும் தயாராக இருக்கிறது: கோசுமல்லி. கல்யாணப் பந்தியில் இலையின் மேல் ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பார்களே, அதுதான். கன்னடத்தில் கோசம்பரி. செட்டிநாட்டில் மட்டும் கோசமல்லி என்றால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்ப் பண்டம், குழம்பிவிட வேண்டாம். ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கொடுக்கும் வடைப்பருப்பும் இந்த இனம்தான். வெயில் ஏறும் நேரத்தில் ஊறிய பாசிப்பருப்பும் மாங்காயும் தேங்காயும். அப்புறம் மெரினாவில் சாயங்காலம் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் எப்படி?

ராத்திரிச் சாப்பாடாகவே ஆக்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்கு அரைக் கப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நகத்தால் கிள்ளினால் உடைகிற பதத்தில் தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள். பொடியாக அரிந்த வெள்ளரி, துருவிய கேரட், கொஞ்சம் மாங்காய், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி. வயிறு நிறைய வேண்டுமென்றால் வேகவைத்த வேர்க்கடலை ஒரு கை. கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் அடுப்பில் வேலை 2 நிமிஷம். பக்கத்தில் கொஞ்சம் தயிர்சாதம் போதும்.

உப்பு மட்டும் தட்டில் போடும்போதுதான். பெயரே உப்பிலிருந்து வந்திருந்தாலும் இந்தப் பண்டத்தைக் கெடுப்பதும் உப்புதான், ஏனென்றால் வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், உப்புப் பட்டதும் அது வெளியே வந்துவிடும், கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டி, மொறுமொறுப்பு போய்விடும். தெரியாமல் முன்னாடியே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், மாங்காயும் மிளகாயும் இறங்கிய அந்த உப்புத் தண்ணீர் நீர்மோரில் கலந்தால் அருமையாக இருக்கும்.