‘அ’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஏலம்

சிங்கப்பூரின் ஈசூன் நிலையத்தில் ரயிலுக்காக நிற்கும் ஒருவர், கறிவேப்பிலைச் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று கைப்பேசியில் தேடுகிறார். என் வலைப்பூவின் பக்கம் ஒன்று திறக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில், பொது நடைவழியின் ஓரமாகத் தொட்டிச் செடி வளர்த்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை அதில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது பத்திக்குக் கீழே ஒரு பெட்டி. அதில் உரம் விற்கும் நர்சரி ஒன்றின் விளம்பரம். அவர் பார்வை அதில் பட்டு நகர்கிறது. என் கணக்கில் ஒரு காசின் சிறு பகுதி ஏறுகிறது.

அவர் பக்கத்தைத் திறக்கும் நொடி வரை அந்தப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. யாரும் அதை மாத வாடகைக்கு எடுத்திருக்கவில்லை. அந்த ஒருவருக்காக, அந்த ஒரே ஒரு முறைக்காக, ஓர் ஏலம் நடந்து முடிந்திருக்கிறது. அதற்குப் பிடித்த நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்கிறது தமிழ் இலக்கணம். ‘அ’ என்ற குறிலைச் சொல்வதற்கு ஆகும் பொழுதும் அதுவே. அந்தப் பொழுதுக்குள் கூவி, விலை படிந்து, பொருள் கைமாறிவிடுகிறது.

இதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் தமிழில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள், மாத வருமானம் சில காசுகளாகவே நின்றதைப் பார்த்து எழுதுவதையே விட்டுவிட்டார்கள். தங்கள் எழுத்தின் மதிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்கள். அந்த எண் எழுத்தின் மதிப்பே அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில், வலைப்பூ எழுத இடம் தரும் தளம் ஏன் இலவசம்? பிளாகர் தளத்தை 1999 ஆகஸ்ட்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டில்தான் மற்றவர்களின் பக்கங்களில் விளம்பரம் வைக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டமும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும். எழுத்தும் சில படங்களும் கொண்ட ஒரு பக்கத்தைச் சேமித்து அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தப் பக்கத்தில் விளம்பரம் ஓடினால் அதில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. எல்லா இலவசத் தளங்களும் இப்படி இல்லை. வேர்ட்பிரஸ்.காம் இலவசக் கணக்கில் விளம்பரம் தோன்றும், ஆனால் வருமானம் எழுதியவருக்கு வராது. கட்டணக் கணக்குக்கு மாறினால்தான் வழி உண்டு. தொடங்குவதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

இனி ஏலத்துக்கு வருவோம். பக்கத்தின் நிரலுக்குள் சில வரிகள் ஒளிந்திருக்கின்றன. பக்கம் திறந்ததும் அவை வாசகரின் கைப்பேசியிலிருந்து விளம்பரக் கணினிக்கு ஒரு குறிப்பு அனுப்புகின்றன: இன்ன பக்கம், 300க்கு 250 அளவில் ஒரு பெட்டி, இன்ன வகைக் கைப்பேசி, இருக்கும் இடம் சிங்கப்பூர். வாசகரை அடையாளம் காண முன்பு அவர் உலாவியில் விட்டுச்சென்ற குக்கி என்ற சிறு கோப்பு இருந்தால் அதன் எண்ணும் சேரும். சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் பிற தளங்களின் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. அங்கே ஏலம் கேட்பவருக்கு வாசகர் யாரென்று தெரியாது. தெரியாத பொருளுக்குக் கேட்கும் விலையும் இறங்கும்.

பக்கம் எதைப் பற்றியது என்பதைக் கணினி ஏற்கெனவே வந்து படித்து வைத்திருக்கும். தமிழில் இது எளிதல்ல. செடி, செடியை, செடிக்கு, செடிகளிலிருந்து என்று ஒரே சொல் பல உருவம் எடுக்கும். ‘தொட்டி’ என்றால் பூந்தொட்டியா, தண்ணீர்த் தொட்டியா? அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஆட்சென்ஸ் தமிழுக்கு முறையான ஆதரவு அளித்தது 2018 பிப்ரவரியில்தான். திட்டம் பிறந்து 15 ஆண்டுகள் கழித்து.

குறிப்பு போய்ச் சேர்ந்ததும் ஏலம் கேட்பவை கணினிகளே. இங்கேதான் நான் மிகவும் ரசிக்கும் கணக்கு வருகிறது. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு காப்புறுதி நிறுவனம், யாராவது தன் விளம்பரத்தைத் தட்டினால் 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொல்கிறது. நர்சரி 30 காசுதான் தரும். யார் வெல்வார்? பழைய தட்டல்களையெல்லாம் படித்துப் பழகிய நிரல் ஒன்று, இந்தப் பக்கத்தில் இந்த வாசகர் எதைத் தட்டக்கூடும் என்று கணிக்கிறது. செடி பற்றிய பக்கத்தில் காப்புறுதி விளம்பரத்தை 2,000 பேரில் ஒருவர் தட்டுவார் என்று வைப்போம். நர்சரி விளம்பரத்தை 200 பேரில் ஒருவர். ஆயிரம் முறை காட்டினால் காப்புறுதியிடமிருந்து கிடைப்பது 1 வெள்ளி. நர்சரியிடமிருந்து 1 வெள்ளி 50 காசு. சின்ன நர்சரி வென்றுவிடுகிறது! பொருத்தம் என்பது இங்கே பணமாகவே எண்ணப்படுகிறது. ஒரே விஷயத்தில் ஆழமாக எழுதும் பக்கத்துக்கு ஏன் நல்ல விலை படிகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

வென்றவர் எவ்வளவு கொடுக்க வேண்டும்? நம் ஊரிலேயே இரண்டு விதமான ஏலங்கள் உண்டு. உணவங்காடிக் கடைக்கு விண்ணப்பிப்பவர் உறைக்குள் ஒரு வாடகையை எழுதித் தருகிறார். வென்றால், எழுதியதைத்தான் கட்ட வேண்டும். கார் வாங்க இங்கே பெற வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கான ஏலம் வேறு மாதிரி. மாதத்தில் இரண்டு முறை, புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடியும் அந்த ஏலத்தில், நீங்கள் எவ்வளவு கேட்டிருந்தாலும், தோற்றவர்களுள் உயர்ந்த தொகைக்கு மேல் 1 வெள்ளி கூட்டித்தான் எல்லாரும் கட்டுகிறார்கள். இரண்டாவது முறையில் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. உங்களுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்போ அதைக் கேட்டுவிடலாம். கூடுதலாகக் கேட்டதால் பணம் வீணாகாது. இந்தத் தருக்கத்தை 1961ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டியவர் வில்லியம் விக்ரி. அவருக்கு 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் காலமானார்.

இணைய விளம்பர ஏலம் நெடுங்காலம் இந்த இரண்டாவது முறையையே சார்ந்திருந்தது. ஆனால் ஒரே பெட்டிக்குப் பல விளம்பரச் சந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏலம் நடத்தத் தொடங்கியதும், எந்தச் சந்தையின் இரண்டாம் விலை உண்மையானது என்ற குழப்பம் வந்தது. ஆட்சென்ஸும் 2021இல் கேட்ட விலையையே கட்டும் முறைக்கு மாறியது. இப்போது அது உணவங்காடி உறை போலத்தான். எவ்வளவு வரை குறைத்துக் கேட்டால் வெல்லலாம் என்று கணிப்பதற்கே தனி நிரல்கள் ஓடுகின்றன.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போனாலும் போய்வர 136 மில்லி விநாடி. ஏலத்துக்குக் கிடைப்பதோ 100 மில்லி விநாடி அளவுதான். ஆகவே ஈசூன் வாசகருக்கான ஏலத்தை அமெரிக்காவில் நடத்த இயற்பியல் இடம் கொடுக்காது. அது ஆசியாவுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். கடலடிக் கேபிள்கள் சாங்கியிலும் துவாஸிலும் கரையேறும் இந்தச் சின்னத் தீவில் இத்தனை தரவு மையங்கள் குவிந்திருப்பதில் இப்படிப்பட்ட அவசரங்களுக்கும் பங்கு உண்டு. எம்ஆர்டி நிலையத்தில் நின்று ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

பணம் எப்படிப் பிரிகிறது? நர்சரி 1 வெள்ளி கட்டினால், விளம்பரம் வாங்கித் தரும் கூகுள் சேவை சராசரியாக 15 காசை எடுத்துக்கொள்கிறது. மீதி 85 காசில் 80 விழுக்காடு, அதாவது 68 காசு, எழுதியவருக்கு. 2010இல் கூகுள் வெளிப்படையாக அறிவித்த பங்கும் இதே 68 விழுக்காடுதான்.

ஆக, பங்கு குறைவு என்பதால் வருமானம் குறையவில்லை. ஏலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் விஷயம். அதே கறிவேப்பிலைப் பக்கத்தை ஒருவர் திருச்சியிலும் ஒருவர் ஈசூனிலும் திறந்தால் இரண்டு வெவ்வேறு விலை படியும். இரண்டு ஏலத்திலும் கேட்பவர்கள் வேறு. சிங்கப்பூர் வாசகரை அடையப் பணம் கட்டத் தயாரான கடைகள் பல. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் என் விளம்பரம் வரட்டும் என்று கேட்பவை மிகச் சில. ஒரே ஒருவர் கேட்கும் ஏலத்தில் பொருள் தங்கமாக இருந்தாலும் விலை ஏறாது. தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) நகைக்கடையும் சேலைக்கடையும் நடத்துவோர் தமிழ்ப் பக்கங்களில் விளம்பரம் கேட்கத் தொடங்கினால், என் நண்பர்களின் அதே எழுத்து அதே நாளில் கூடுதலாகச் சம்பாதிக்கும். ஓர் எழுத்துகூட மாறாமல்.

குடும்பத்தார் செய்யும் உதவி ஒன்று உண்டு. அதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா என்மேல் உள்ள பாசத்தில் தினமும் எல்லா விளம்பரங்களையும் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே கைப்பேசி, ஒரே நேரம், தட்டியபின் எதையும் வாங்காமல் திரும்பிவிடும் பழக்கம்: கண்காணிக்கும் நிரலுக்கு இது பொய்த் தட்டலாகவே தெரியும். அந்த மாதத்தின் பாதித் தொகை கழிந்துபோனது. தொடர்ந்திருந்தால் கணக்கே மூடப்பட்டிருக்கும். இப்போது அவர் கட்டுரையைப் படித்துவிட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றாதே என்று எனக்கே அறிவுரை அனுப்புகிறார்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ், தட்டலுக்கு அல்லாமல் காட்டலுக்குப் பணம் கணக்கிடுகிறது. ஒரு விளம்பரம் பார்க்கப்பட்டதாகத் தொழில்துறை ஏற்கும் அளவுகோல்: அதன் பரப்பில் பாதியாவது, ஒரு முழு விநாடியாவது திரையில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் கிடக்கும் பெட்டிக்கு அந்த ஒரு விநாடி அரிதாகத்தான் கிடைக்கும். நான் பெட்டியை மேலே கொண்டுவந்து, அழுகிய வேரின் படத்துக்குக் கீழே வைத்தேன். வாசகர் நின்று நிதானித்துப் பார்க்கும் இடம் அதுதான்.

கணக்கில் 10 அமெரிக்க டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்று தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் 100 சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. புளோக்கின் கீழ்த்தளத்துத் தபால் பெட்டியில் அந்த எண் வந்த மெல்லிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கறிவேப்பிலை விதை போட்டு வைத்த டப்பாவுக்குள்.