கோடில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் பில்ட் ஓடவில்லை

"அண்ணா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சு. கோட்ல நான் ஒரு வரிகூடத் தொடலை."

எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் மதியம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார். ரிலீஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பார்த்தேன், அவர் சொன்னது உண்மைதான், ஒரு மாற்றமும் இல்லை. திரையில் மட்டும் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65' என்று சிவப்பில் நின்றது.

நடந்தது இதுதான். முந்தின நாள் கிளம்பும்போது, ஆப் எழுதும் எடிட்டரான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அப்டேட் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பில்ட் (கோடை ஆப்பாகக் கட்டும் வேலை) விழுந்ததும் கேஷை அழித்தார், இணையத்தில் கிடைத்த ஒரு பதிலைப் பார்த்து, பில்டை நடத்தும் கருவியான கிரேடிலின் வெர்ஷன் எண்ணை மாற்றினார், இன்னொரு பதிலைப் பார்த்து கோட்லின் மொழியின் எண்ணை மாற்றினார். ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் மூன்று முடிச்சு விழுந்துவிட்டது. முதல் வேலையாக அவர் மாற்றியதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகுதான் எரரை நிதானமாகப் படித்தோம்.

அந்த 65 சும்மா வரும் எண் இல்லை. ஜாவாவில் கம்பைல் ஆன, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாறிய, ஒவ்வொரு கிளாஸ் ஃபைலிலும் இப்படி ஓர் எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் வெர்ஷன் கிடைக்கும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. ஆக, பில்டுக்குள் எங்கிருந்தோ ஜாவா 21 புகுந்திருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஒரு கருவி திணறுகிறது. எரர் அவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

எங்கள் ஆப், ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் கட்டும் ஃப்ளட்டரில் எழுதியது. வேறு பாதை கொடுக்காவிட்டால், ஃப்ளட்டர் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஜாவாவைத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்டூடியோவின் லேடிபக் வெளியீடு ஜாவா 21ஐக் கூடவே கொண்டுவருகிறது. எங்கள் ப்ராஜெக்டில் இருந்தது கிரேடில் 7.6. அதற்கு ஜாவா 19 வரைதான் தெரியும். ஜாவா 21இல் ஓட வேண்டுமென்றால் கிரேடில் 8.5 வேண்டும். எடிட்டரை மாற்றியதாகத்தான் தம்பி நினைத்தார். அடியில் ஜாவாவும் மாறிவிட்டது. ஃப்ளட்டர் டாக்டர் கட்டளையை விரிவான வடிவில் ஓட்டியிருந்தால், எந்த ஜாவா எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று அதுவே காட்டியிருக்கும்.

ரிலீஸ் நெருக்கத்தில் கிரேடிலைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜாவா 17ஐத் தனியாக நிறுவி, ஃப்ளட்டரின் அமைப்பில் அந்தப் பாதையைக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் பில்ட் ஓடியது. தம்பிக்கு அரை நாள் போயிருந்தது. தப்பு அவருடையது இல்லை. இந்த ப்ராஜெக்டுக்கு எந்த ஜாவா வேண்டும் என்று நாங்கள் எங்குமே எழுதி வைக்கவில்லை. அது மூத்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

மொபைல் ஆப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றிலும் லேட்டஸ்ட்டைப் போட்டால் பிரச்சினை வராது என்று நம்புகிறார்கள். கருவிகள் தனித்தனியாக வெளியாகின்றன, ஆனால் நமக்கு வேலை செய்வது அவற்றின் சேர்க்கைதான். கிரேடிலில் ஆண்ட்ராய்டு ஆப் கட்ட உதவும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 வேண்டுமானால் கிரேடில் 8.0 வேண்டும், ஜாவா 17 வேண்டும். சரி, எண்கள் ஒன்றாக இருந்தால் போதும் போல என்று நினைத்துவிடாதீர்கள். பிளகின் 8.3க்கு கிரேடில் 8.3 போதாது, குறைந்தது 8.4 வேண்டும். பிளகின் 8.6க்கு 8.7 வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் பிளகினுக்கும் கிரேடிலுக்கும் ஒரு பொருத்த அட்டவணை இருக்கிறது. கிரேடில் தளத்தில் ஜாவாவுக்கு ஒன்று இருக்கிறது. எண்ணைத் தொடும் முன் அந்த இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள்.

கோட்லின் 2.0க்கு முந்தைய ப்ராஜெக்ட்களில் கோட்லினும், திரைகளை அமைக்கும் ஜெட்பேக் காம்போஸும் இன்னும் கறாரானவை. காம்போஸ் கம்பைலர் 1.5.3 கோட்லின் 1.9.10உடன்தான் சேரும். 1.5.8 என்றால் 1.9.22. கோட்லினில் கடைசி இலக்கத்தை உயர்த்தினால்கூட பில்ட் நின்றுவிடும். 2024 மே மாதம் கோட்லின் 2.0 வந்தபோது காம்போஸ் கம்பைலரையும் கோட்லினோடு சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டுக்கும் ஒரே எண். பழைய ப்ராஜெக்டை 2.0க்குக் கொண்டுபோக இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

சரி, புது ப்ராஜெக்ட் தொடங்குகிறோம், எதிலிருந்து தேர்வு செய்வது? பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க்கிலிருந்து தொடங்குவார்கள். நான் ஆப் ஸ்டோரிலிருந்து தொடங்குவேன். ஆப் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான், அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் கூகுள் பிளேயில் புது ஆப்களும் அப்டேட்களும் ஏபிஐ 35ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15ஐ, குறிவைக்க வேண்டும் என்று விதி வந்தது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பாருங்கள். குறி 35 என்றால் கம்பைல் எஸ்டிகே 35. அதற்கு ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.6. அதற்கு கிரேடில் 8.7. அதற்கு ஜாவா 17. ஐந்து எண்கள் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டன, ஒன்றைக்கூட நாம் ஊகிக்கவில்லை.

இதில் பலருக்கும் ஒரு பயம் உண்டு. கம்பைல் எஸ்டிகேயை உயர்த்தினால் பழைய போன்களில் ஆப் ஓடாதோ என்று. ஓடும். எந்தப் போன் வரை இறங்கி ஓட வேண்டும் என்பதை மினிமம் எஸ்டிகேதான் முடிவு செய்கிறது. கம்பைல் எஸ்டிகே என்பது எந்த ஏபிஐ பட்டியலை வைத்துக் கம்பைல் செய்கிறோம் என்பது மட்டும். டார்கெட் எஸ்டிகே என்பது எந்த ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு நம் ஆப் கட்டுப்படத் தயார் என்று நாம் சொல்வது. ஆகவே டார்கெட்டை உயர்த்தும்போதுதான் ஆப்பின் நடத்தை மாறும், அப்போதுதான் கவனமாக டெஸ்ட் செய்ய வேண்டும். நேட்டிவ் லைப்ரரிகள் (போனின் சிப்புக்கென்றே கம்பைல் செய்தவை) இருக்கும் ஆப் என்றால், நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவான 16 கேபி பேஜ் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 15ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் குறிவைக்கும் ஆப்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் அதைக் கேட்கிறது. நாம் எழுதாத, யாரோ கம்பைல் செய்து கொடுத்த லைப்ரரி ஒன்று உள்ளே இருந்தால், அதன் புது வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியும் வரலாம்.

ஆப்பிள் பக்கம் இந்தச் சங்கிலி கையில் இருக்கும் கணினி வரை வந்துவிடும். ஆப் ஸ்டோருக்கு ஏற்றும் ஆப்களை 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோட் 15இல் கட்ட வேண்டும் என்றார்கள். 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16 என்றார்கள். அது மேக்ஓஎஸ் சோனோமா 14.5 அல்லது அதற்கு மேல் கேட்கும். சோனோமா ஏறாத பழைய மேக்கில் எக்ஸ்கோட் 16உம் ஏறாது. ஒரு வாடிக்கையாளரின் ஆப்பை ஏற்ற இரண்டு நாள் இருக்கும்போது இதில் மாட்டிக்கொண்டோம். கோட் தயார், டெஸ்ட் முடிந்தது, சான்றிதழ்களெல்லாம் சரி. ஆனால் எங்கள் பில்ட் கணினியில் சோனோமா ஏறவில்லை. இன்னொரு குழுவின் மேக்கை இரவல் வாங்கி, அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, இரவு வெகுநேரம் உட்கார்ந்து ஏற்றினோம். ப்ராஜெக்ட் தொடங்கிய நாளில் இரண்டு வரி படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஸ்டோர் கேட்பது கீழ் எல்லை. மேல் எல்லையைத் தீர்மானிப்பது நாம் பயன்படுத்தும் பேக்கேஜ்கள், அதாவது மற்றவர்கள் எழுதிக் கொடுத்த கோட் தொகுப்புகள். இருபது பேக்கேஜ்களில் பத்தொன்பது புதுசாக இருந்து, ஒன்று மட்டும் கைவிடப்பட்டிருந்தால், அந்த ஒன்று நிற்கும் இடத்தில்தான் ப்ராஜெக்ட் முழுவதும் நிற்கும். 2023 மே மாதம் ஃப்ளட்டரின் மொழியான டார்ட் 3 வந்தபோது, நல் சேஃப்டிக்கு (மதிப்பில்லாத மாறிகளால் வரும் பிழையைத் தடுக்கும் விதி) மாறாத பேக்கேஜ்கள் ஒரேயடியாக வெளியே போயின. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 வந்தபோது ஒவ்வொரு மாட்யூலும் தன் அடையாளப் பெயரான நேம்ஸ்பேஸைப் பில்ட் கோப்பில் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. அதைச் சொல்லாத பழைய பிளகின்களால் எத்தனையோ பேருடைய பில்ட் விழுந்தது. அதனால் ஒரு பேக்கேஜைச் சேர்க்கும் முன் எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்பதைவிட, கடைசி வெளியீடு எப்போது, உள்ளே நேட்டிவ் கோட் (ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸுக்கும் தனித்தனியாக எழுதியது) இருக்கிறதா, புகார்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். நேட்டிவ் கோட் இல்லாத பேக்கேஜ் கைவிடப்பட்டால் பெரும்பாலும் நாமே சரிசெய்துகொள்ளலாம். பணம் செலுத்துதல், வரைபடம், நோட்டிஃபிகேஷன் போன்றவை நின்றுபோனால் கஷ்டம்.

தேர்ந்தெடுத்த எண்களைப் பூட்டி வைப்பது அடுத்த வேலை. இதன் அருமை தெரிய 2022 நவம்பர் 4ஆம் தேதி நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளட்டரைப் போன்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ரியாக்ட் நேட்டிவ் ப்ராஜெக்ட்களின் ஆண்ட்ராய்டு பில்ட் கோப்பில், ரியாக்ட் நேட்டிவ் என்ற பெயருக்குப் பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கூட்டல் குறி அப்போது இருந்தது. 'கிடைப்பதில் புதியதை எடு' என்று அதற்குப் பொருள். அதுவரை அந்த லைப்ரரியின் புதிய வெளியீடுகள் கணினியிலேயே நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் மட்டும் இருந்ததால் குழப்பம் வரவில்லை. அன்று 0.71இன் முன்னோட்ட வெளியீடு மேவன் சென்ட்ரல் என்ற பொது லைப்ரரிக் களஞ்சியத்தில் ஏறியது. கூட்டல் குறி அதைப் பிடித்து இழுத்தது. பழைய வெர்ஷன்களில் இருந்தவர்களின் ஆண்ட்ராய்டு பில்ட்கள் உலகெங்கும் விழுந்தன. ரியாக்ட் நேட்டிவ் குழு பல பழைய வெர்ஷன்களுக்குத் தனித்தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அன்று காலை உட்கார்ந்த டெவலப்பர்களும் கோடில் ஒரு வரி தொடவில்லை.

கூட்டல் குறியை எங்கே கண்டாலும் எடுத்துவிட்டு முழு எண்ணைப் போடுங்கள். நோட், டார்ட் உலகத்தில் எண்ணுக்கு முன்னால் வரும் கேரட் (^) குறியும் இந்த வகைதான், கொஞ்சம் சாது, அவ்வளவே. 4.2.0க்கு முன் அது இருந்தால் 4இல் தொடங்கும் எந்தப் புது எண்ணுக்கும் ஏறும், 5க்குப் போகாது. அதைக் கட்டிப்போடத்தான், நிறுவிய எண்களை அப்படியே பதிந்து வைக்கும் லாக் கோப்பு இருக்கிறது. ஆப் ப்ராஜெக்டில் லாக் கோப்பைக் கிட்டில் சேர்க்காமல் விடுவது பெரிய தவறு. நோட் பேக்கேஜ்களை நிறுவ, பில்ட் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் போடாமல் என்பிஎம் சிஐ போடுங்கள், அது லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஐஓஎஸ் லைப்ரரிகளை நிறுவும் காக்கோபாட்ஸில் பாட் இன்ஸ்டால் லாக் கோப்பை மதிக்கும், பாட் அப்டேட் அதைத் தாண்டிப் போய்விடும். அவசரத்தில் இரண்டாவதை ஓட்டிவிட்டு முழிக்கிறவர்கள் நிறைய. எந்த கிரேடில் என்று சொல்லும் கிரேடில் ராப்பர் கோப்புகளும் கிட்டில் இருக்க வேண்டும். ஃப்ளட்டருக்கு எஃப்விஎம் என்ற கருவி இருக்கிறது, ப்ராஜெக்டுக்கு ஒரு ஃப்ளட்டர் என்று பிரித்து வைக்கலாம்.

இணையத்தில் பதில் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். பதில் எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். 2021இல் சரியாக இருந்த எண் உங்கள் பில்டைக் கெடுக்கலாம். ஏஐ உதவியாளர்களிடம் கேட்டாலும் இதே கவனம் வேண்டும். ஒரு வருடத்து கிரேடிலையும் இன்னொரு வருடத்து பிளகினையும் நம்பிக்கையாகச் சேர்த்துக் கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பதிலை வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் அட்டவணையில் சரிபாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் அப்டேட்டே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் தொடாத ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்தபோது, பாதி லைப்ரரிகள் ஜேசென்டரிலிருந்து வருவதாக எழுதியிருந்தது. அந்தக் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021லேயே அறிவித்துவிட்டார்கள். அந்த ஆப்பில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, ரிலீஸ் இல்லாத வாரமாகப் பார்த்து, தனிக் கிளையில் கருவிகளை உயர்த்துகிறோம். முதலில் கிரேடில், பழைய பிளகினும் ஏற்கும் எண்ணுக்கு. பில்ட் ஓடினால் கமிட். அப்புறம் பிளகின். பில்ட், கமிட். அப்புறம் கோட்லின். ஒவ்வொன்றாக ஏறினால் எது விழ வைத்தது என்று தெரியும். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எரர் வந்தால் மூன்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

அந்த 65 சம்பவத்துக்குப் பிறகு, ப்ராஜெக்டின் ரீட்மீ கோப்பின் தலையில் ஒரு சின்னப் பட்டியல் சேர்த்தோம். ஜாவா, கிரேடில், பிளகின், கோட்லின், ஃப்ளட்டர், எக்ஸ்கோட், மேக்ஓஎஸ், கடைசியாகச் சரிபார்த்த தேதி. எழுதியது அந்தத் தம்பிதான். எழுதி முடித்ததும், எதுவும் நிறுவாத ஒரு மேக்கை வாங்கி, பட்டியலை மட்டும் வைத்து பில்ட் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஆண்ட்ராய்டு முதல் தடவையிலேயே ஓடியது. ஐஓஎஸ் பில்ட் காக்கோபாட்ஸில் நின்றது. காக்கோபாட்ஸ் ரூபி மொழியில் ஓடுவது, ரூபி எந்த வெர்ஷன் என்று பட்டியலில் இல்லை. அவரே கண்டுபிடித்து அந்த வரியையும் சேர்த்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஓட்டினார்.