அணுச்சிக்கனம்: இது பொருளாதாரம் அல்ல

கழிவையும் நச்சையும் குறைக்கப் பார்க்கும் பசுமை வேதியியல் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ‘அணுப் பொருளாதாரம்’ என்று படித்ததும், ஏதோ அணுமின் நிலையத்தின் வரவு செலவு என்றுதான் நினைத்தேன். நாலு வரி தள்ளித்தான் புரிந்தது, ‘ஆட்டம் எகானமி’யை அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

சிக்கலே ‘எகானமி’யில்தான். கிரேக்கத்தில் ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு. ‘ஒய்கோனோமியா’ என்றால் வீட்டு நிர்வாகம். பிற்பாடு அந்தச் சொல் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று நாட்டுப் பொருளாதாரம், மற்றது வீணாக்காமல் செலவழிப்பது. பயன்படுத்திய பொருளும் கழிவும் மறுபடி சரக்காகும் ஏற்பாடான ‘சர்க்குலர் எகானமி’ முதல் கிளை. அதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்பது சரி. (‘வட்டப் பொருளாதாரம்’ என்றும் எழுதுகிறார்கள். வட்டம் வெறும் வடிவம், பொருள்கள் திரும்பி வருவது அதில் தெரியவில்லை.) ‘ஆட்டம் எகானமி’ இரண்டாம் கிளை. ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்கிறோமே, அந்தச் செட்டுதான் இதற்கு நெருக்கம். ஆனால் ‘அணுச்செட்டு’ என்றால் பாத்திரக்கடை ‘செட்’ ஞாபகம் வந்துவிடும். ஆகவே அணுச்சிக்கனம்.

அமெரிக்க வேதியியலாளர் பாரி டிராஸ்ட் 1991இல் முன்வைத்த கருத்து இது. வேதிவினையில் இறங்கும் பொருள்களின் அணுக்களில், நிறைக் கணக்கில், எத்தனை சதவீதம் நமக்கு வேண்டிய பொருளுக்குள் போய்ச் சேர்கிறது? விளைச்சல், அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டிய பொருளில் உண்மையில் கிடைத்த பங்கு, நூறு சதவீதமாக இருந்தாலும் பாதி அணுக்கள் துணைப்பொருளாக வெளியேறலாம். விளைச்சல் கணக்கு அதைக் காட்டாது.

வலி மாத்திரையான இபுபுரூஃபனைப் பாருங்கள். பூட்ஸ் நிறுவனத்தின் பழைய முறையில் ஆறு படிகள். மூலக்கூறு நிறைப்படி சுமார் 514 பங்கு உள்ளே போனால் 206 பங்குதான் மருந்து, அதாவது 40 சதவீதம். வினையைத் தூண்டப் போட்ட அலுமினியம் குளோரைடு வேறு நீரேறிய கழிவாகக் குவிந்தது. 1992இல் டெக்சாஸின் பிஷப் நகரில் பி.ஹெச்.சி. நிறுவனம் மூன்றே படிகளில் செய்துகாட்டியது. இப்போது 266 பங்குக்கு 206, அதாவது 77 சதவீதம். மிச்சமுள்ள 60 பங்கும் அசிட்டிக் அமிலம். அதைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம். சுழற்சிப் பொருளாதாரத்தோடு அணுச்சிக்கனம் கைகோப்பது இங்கேதான். பல உப்புகள் கலந்த சகதியை யார் வாங்குவார்கள்? ஒரே துணைப்பொருள், அதுவும் சுத்தமாக வந்தால் இன்னொரு ஆலைக்குச் சரக்காகப் போகும்.

புதிய முறையின் வினையூக்கி ஹைட்ரஜன் ஃபுளோரைடு, மகா ஆபத்தான சரக்கு. மீட்டு மீட்டுப் பயன்படுத்துவதால் கழிவாகக் குவிவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அணுச்சிக்கனம் கரைப்பான்களைக் கணக்கில் எடுக்காது. அதற்கு வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992இல் கொடுத்த ‘ஈ ஃபேக்டர்’ இருக்கிறது: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற கணக்கு. மருந்துத் தயாரிப்பில் இது 25இல் தொடங்கி 100ஐயும் தாண்டும். அந்த ‘ஈ’ சுற்றுச்சூழலைக் குறிப்பதால் ‘சூழல் காரணி’ என்று எழுதத் தோன்றும். அளப்பது கழிவைத்தானே, ‘கழிவு விகிதம்’ என்றே எழுதலாம்.